ஒரே பருவத்தில் இரண்டு தாள்கள், நடுவே ஒரு வேலி

கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் ஒருவர், ஆய்வு ஆர்வங்களைக் குறிப்பிடும் இடத்தில் "கணிமைக் கோட்பாடு, இயந்திரக் கற்றல்" என்று இரண்டையும் எழுதிவிட்டால், நேர்காணல் மேசையின் மறுபக்கத்தில் ஒரு புன்னகை அரும்புகிறது. "இரண்டில் எது?" என்ற கேள்வி அடுத்து வருகிறது. முன்னது பழைய கணிதம், பின்னது இன்றைய தொழில், இரண்டையும் சேர்த்து எழுதியவர் தமக்கு என்ன வேண்டும் என்று அறியாதவர் என்பதே அப்புன்னகையின் பொருள். அறியாமை மேசையின் எந்தப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வருகிறது என்பதைக் காண உதியன்குளங்கரையில் நின்று பார்ப்பது வசதி. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர் அது. தெற்கே சிறிது தூரத்தில் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்திற்குச் சென்றன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் போடப்பட்ட கோடு பேச்சையும் உறவையும் அறுத்துவிடுவதில்லை என்பதை அந்தச் சாலையோரத்து மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவ்வூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியல் சேர விரும்பும் மாணவருக்கு இரு திசைகள் உண்டு. வடக்கே போனால் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள். தெற்கே எல்லை கடந்தால் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த குமரி மாவட்டக் கல்லூரிகள். வடக்கே, 2019ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், முறைசார் மொழிகளும் தானியங்கிக் கோட்பாடும் ஐந்தாம் பருவத்தின் கட்டாயத் தாள். இயந்திரக் கற்றல் ஏழாம் பருவத்து விருப்பத் தாள்களுள் ஒன்று. தெற்கே, 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், நிலைமை இன்னும் வேடிக்கையானது. கணிமைக் கோட்பாடும், செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் என்ற தாளும் ஒரே நான்காம் பருவத்தில் வருகின்றன. காலையில் ஒன்று, மதியம் மற்றொன்று. அதே வகுப்பறை, அதே கரும்பலகை. ஆனால் காலையில் எழுதப்பட்டதற்கும் மதியம் எழுதப்பட்டதற்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்று மாணவர் கேட்டால் விடை சொல்லும் பொறுப்பு எந்தத் தாளுக்கும் இல்லை. அதே ஒழுங்குமுறையின் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்னும் பி.டெக். பிரிவில் கணிமைக் கோட்பாடு கட்டாயத் தாளாகவே இல்லை. கற்கும் பொறிகளைப் பற்றிப் பட்டம் பெறுபவர், பொறி என்றால் என்ன என்ற கேள்வியைச் சந்திக்காமலே வெளியேறலாம்.

இரு மாநிலங்கள், இரு பல்கலைக்கழகங்கள், வேலி மட்டும் ஒன்று. தெற்கே அரியர் என்றும் வடக்கே சப்ளி என்றும் அழைக்கப்படும் அந்த அச்சத்தின் பெயராகவே கணிமைக் கோட்பாடு மாணவர் நினைவில் தங்குகிறது. பம்பிங் தேற்றத்தை மனப்பாடம் செய்து, இரண்டு தானியங்கிகளை வரைந்து, தேர்ச்சி பெற்று, மறந்துவிட வேண்டிய ஒன்று அது. இயந்திரக் கற்றலோ நூலகக் கட்டளைகளை வரிசையாக அழைக்கும் வித்தை. முன்னதில் நிறுவல் மட்டும் இருக்கிறது, எதற்காக என்பது இல்லை. பின்னதில் பயன் மட்டும் இருக்கிறது, ஏன் என்பது இல்லை.

இவ்வேலி அறிவுத்துறையின் இயல்பிலேயே இருப்பதாக எண்ணுவோர் வரலாற்றைச் சற்றுப் புரட்டலாம். இலக்கண வகைகளைப் பிழையற்ற எடுத்துக்காட்டுகளிலிருந்து மட்டுமே கற்றுவிட முடியுமா என்ற கேள்வியை மார்க் கோல்டு 1967இல் எழுப்பினார். ஒழுங்கு மொழிகளின் வகையைக்கூட நேர்மறை எடுத்துக்காட்டுகளை மட்டும் கொண்டு இனங்காண இயலாது என்று நிறுவினார். 1984இல் லெஸ்லி வாலியன்ட், கற்றல் என்பதையே கணிமைச் சிக்கலாக வரையறுத்தார்: போதிய எடுத்துக்காட்டுகளுடன், நியாயமான நேரத்திற்குள், பெரும்பாலும் சரியான விடையைப் பெரும் வாய்ப்புடன் கண்டறிய முடிகிறதா என்பதே அவர் கேள்வி. இன்று இயந்திரக் கற்றல் கோட்பாடு என்று வழங்கப்படும் துறையின் பெரும்பகுதி அந்தக் கட்டுரையின் மேல் நிற்கிறது. அதை எழுதியவர் சிக்கல்நிலைக் கோட்பாட்டாளர். அவரிடம் "இரண்டில் எது?" என்று யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும்: முடிவுறு தானியங்கி. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நிலைகளைக் கொண்ட தானியங்கிகள் எத்தனை என்று எண்ணிவிடலாம். எண்ண முடிவதால், வாலியன்டின் கணக்குப்படி, அவற்றுள் ஒன்றைக் கற்கத் தேவையான எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கை மிதமானதே. தரவு போதும். ஆனால் அந்தத் தரவோடு பொருந்தும் மிகச் சிறிய தானியங்கியைக் கண்டுபிடிப்பது என்பி-கடினம் என்று கோல்டு 1978இல் காட்டினார். சிறியதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எந்த வடிவிலாவது சரியாகக் கணித்தால் போதும் என்று தளர்த்தினாலும், அப்படிக் கற்கும் விரைவான வழிமுறை ஒன்று இருக்குமானால் ஆர்எஸ்ஏ மறையீட்டை உடைத்துவிடலாம் என்று கெர்ன்ஸும் வாலியன்டும் 1989இல் நிறுவினர். தகவல் போதும், கணிமைதான் போதாது என்ற இந்த வேறுபாடு எந்த நூலகக் கட்டளையிலும் தென்படாது.

அதோடு கதை முடியவில்லை. 1987இல் டானா ஆங்லுயின், மாணவரைப் போலக் கேள்வி கேட்கும் உரிமையைக் கற்பவருக்குக் கொடுத்தார். "இச்சரம் மொழியில் உண்டா?" "இத்தானியங்கி சரியா. இல்லையெனில் எங்கே தவறுகிறது?" இவ்விரு வகைக் கேள்விகள் கிடைத்துவிட்டால் அதே தானியங்கியைப் பல்லுறுப்பு நேரத்தில் கற்றுவிடலாம். சும்மா கேட்டுக்கொண்டிருப்பவரால் விரைவாகக் கற்க முடியாததைக் கேள்வி கேட்பவர் கற்றுவிடுகிறார். (கேள்வி கேட்கும் மாணவரை அடக்கி வைக்கும் வகுப்பறைகளுக்கு இத்தேற்றத்தைச் சட்டமிட்டு மாட்டலாம்.) 2018இல் வைஸ், கோல்ட்பெர்க், யஹாவ் ஆகிய மூவர், பயிற்றப்பட்ட மீள்வரு நரம்பியல் வலைப்பின்னல் ஒன்றையே ஆசிரியராக அமர்த்தி, ஆங்லுயினின் வழிமுறையைக் கொண்டு அதனுள் ஒளிந்திருந்த தானியங்கியை வெளியே எடுத்தனர். பார்வைக்குச் சரியாக இயங்கிய வலைப்பின்னல்கள் எங்கே தவறுகின்றன என்பதும் அவ்வாறு வெளிப்பட்டது. ஐந்தாம் பருவத்தில் வட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்து மறக்கப்பட்ட அதே தானியங்கிதான் அது.

இன்னும் எளிய சான்று வேண்டுமெனில், ஒரு சரத்தில் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற கேள்வியைப் பார்க்கலாம். தானியங்கிப் பாடத்தின் முதல் வாரத்தில் இரண்டே நிலைகளைக் கொண்டு மாணவர் இதைத் தீர்க்கிறார். 1969இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் பெர்செப்ட்ரானின் எல்லைகளை வகுத்தபோது கையில் எடுத்த சிக்கல்களுள் இதுவும் ஒன்று. ஐம்பதாண்டுகள் கழித்து, 2020இல், மைக்கேல் ஹான் டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பை ஆராய்ந்தபோதும் இதே கேள்விதான் வந்து நின்றது: கடினக் கவன வகை டிரான்ஸ்ஃபார்மரால் இதை எல்லா நீளங்களுக்கும் தீர்க்க இயலாது என்று அவர் நிறுவினார். இன்றைய மொழி மாதிரிகளின் அடிப்படை அமைப்பு, முதல் வாரத்து வீட்டுப்பாடத்தில் தடுக்கி விழும் இடத்தைக் காட்டுவது கணிமைக் கோட்பாடு. அதைப் பழைய கணிதம் என்று ஒதுக்குபவர், தாம் எதைப் புதியது என்கிறாரோ அதையும் அறியாதவர்.

"இவையெல்லாம் சரி, நடைமுறைக்கு என்ன?" என்று கேட்போருக்காக நடைமுறைக்கே வரலாம். எல்லையின் இருபுறத்துக் கல்லூரிகளிலும் இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் தவறாமல் காணப்படும் ஒன்று, இலையின் படத்தைக் கொண்டு பயிர்நோயைக் கண்டறிதல். பிளான்ட்வில்லேஜ் என்னும் தரவுத்தொகுப்பு இணையத்தில் இலவசம்: 14 பயிர்களின் 54,306 இலைப் படங்கள், 26 நோய்கள். பதிவிறக்கு, பயிற்று, துல்லியம் 98 விழுக்காடு என்று அச்சிடு, கட்டி ஒப்படை. இத்தொகுப்பின் மேல் 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே எழுதிய கட்டுரை 99.35 விழுக்காட்டுத் துல்லியத்தை அறிவித்தது. அதே கட்டுரை, வேறு சூழலில் எடுக்கப்பட்ட படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31 விழுக்காட்டு அளவுக்குச் சரிந்ததையும் நேர்மையாகப் பதிவுசெய்தது. முதல் எண்ணை எல்லாத் திட்ட அறிக்கைகளும் மேற்கோள் காட்டுகின்றன. இரண்டாவது எண் எங்கே போயிற்று?

அந்த 14 பயிர்கள் எவை என்றும் பார்க்க வேண்டும்: ஆப்பிள், புளுபெரி, செர்ரி, மக்காச்சோளம், திராட்சை, ஆரஞ்சு, பீச், குடைமிளகாய், உருளைக்கிழங்கு, ராஸ்பெரி, சோயா, பூசணி வகை, ஸ்ட்ராபெரி, தக்காளி. வாழை இல்லை, மரச்சீனி இல்லை, தென்னை இல்லை, ரப்பர் இல்லை. பாறசாலையைச் சுற்றிய புரையிடங்களில் நிற்கும் எதுவும் அதில் இல்லை. புளுபெரி இலையின் நோயற்ற தன்மையை உதியன்குளங்கரையின் கல்லூரி மாணவர் 98 விழுக்காட்டுத் துல்லியத்துடன் உறுதிசெய்கிறார். அதற்கு மதிப்பெண்ணும் வழங்கப்படுகிறது. பயிற்சித் தரவு வந்த பரவலும் சோதனைத் தரவு வந்த பரவலும் ஒன்றே என்ற நிபந்தனையின் கீழ்தான் வாலியன்டின் உறுதிமொழி செல்லும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால், அந்த 98 எதைப் பற்றிய எண் என்று அவரே கேட்டிருப்பார். பரவல் மாறும்போது பிழை எவ்வளவு கூடலாம் என்பதற்கு ஷாய் பென்-டேவிட் குழுவினர் 2010இல் வரம்பு கண்டனர். அது கோட்பாடு என்பதால் திட்டப்பணிக்கு வெளியே நிற்கிறது.

இனி, இந்த வேலியால் உண்மையில் இழக்கப்படுவது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குத் தாம்பரம் வரை போக வேண்டும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஐஐடி அன்று. அது கலை அறிவியல் கல்லூரி. அங்கே கணிதத் துறையில் இராணி சிரோமணியும், புள்ளியியல் துறையில் கிஃப்ட் சிரோமணியும், அவர்களுடன் கமலா கிருத்திவாசனும் 1970களின் தொடக்கத்தில் முறைசார் மொழிக் கோட்பாட்டை ஒற்றைவரிச் சரங்களிலிருந்து இருபரிமாணப் படங்களுக்கு விரித்தனர். சரத்தை உருவாக்க இலக்கணம் இருக்குமானால் படத்தை உருவாக்கவும் இலக்கணம் இருக்கலாம். முதலில் ஓர் இலக்கணம் கிடைவரியை உருவாக்குகிறது. பின்னர் அவ்வரியின் ஒவ்வொரு குறியிலிருந்தும் நெடுவரி ஒன்று கீழ்நோக்கி, எல்லாம் ஒரே நேரத்தில், வளர்கிறது. 1972இல் வெளிவந்த இக்கருத்து இன்றும் ஆய்வுலகில் சிரோமணி அணி இலக்கணம் என்றே அவர்கள் பெயரால் வழங்குகிறது. 1974இல் மூவரும் சேர்ந்து அணி இலக்கணங்களையும் கோலத்தையும் பற்றிய கட்டுரையைக் கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டனர். வாசலில் அரிசிமாவால் பெண்கள் போட்டுவரும் கோலம், ஒரே வகையைச் சிறிதாகவும் பெரிதாகவும் விரிக்கக்கூடிய விதித்தொகுதியாக அங்கே கணிமைக்குள் நுழைந்தது. கோலத்தை அலங்காரப் படமாக அவர்கள் ஆய்விதழின் அட்டையில் ஒட்டவில்லை. சிக்கலே கோலத்திலிருந்து வந்தது. பன்னாட்டு ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து எடுத்தாண்டனர்.

அவர்கள் வெற்றிடத்திலிருந்து தொடங்கவில்லை. சென்னையில் பிறந்து டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவை வழிநடத்திய ஆர். நரசிம்மன், 1960களின் முற்பகுதியிலேயே, துகள் இயற்பியலின் குமிழிக்கூடப் படங்களைப் படிக்க இலக்கண வழி ஒன்றை முன்வைத்திருந்தார். படத்தை அடையாளம் காணும் பொறி என்ற, இன்று முழுக்க இயந்திரக் கற்றலின் உடைமையாகக் கருதப்படும் சிக்கல், இந்நாட்டில் முறைசார் மொழிகளின் கைப்பிடித்து நடந்தது. 1990களில் தாம்பரத்துக் குழுவினர் பட மொழிகளைக் கற்பது எப்படி என்ற கேள்விக்கும் வந்துசேர்ந்தனர். கணிமைக் கோட்பாடு, கற்றல் இரண்டும் ஒரே கல்லூரியில், ஒரே குழுவில், எவ்வித வேலியும் இன்றி இருந்தன.

அதற்கு அவர்களிடம் இருந்த கருவி என்ன? காகிதம், கரும்பலகை, ஆய்விதழ்களின் படிகள், தொடர்ந்து நடந்த ஆய்வுக் கலந்துரையாடல். இந்தப் பட்டியலில் உதியன்குளங்கரைக்கு எட்டாதது எதுவும் இல்லை.

இன்றைய நிலையோடு ஒப்பிட வேண்டும். 2020இல் வந்த ஜிபிடி-3 மாதிரியின் அளபுருக்கள் 17,500 கோடி. செயற்கை நுண்ணறிவுக்காக 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் வழங்கிய திட்டத்தின் ஒதுக்கீடு ஏறத்தாழ 10,372 கோடி ரூபாய். அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று ஜிபியுக்களைத் திரட்டுவது. ஒரு நாடே தன் கருவூலத்தைத் திறந்து நுழைய முயலும் பந்தயம் அது. அந்தப் பந்தயத்தில் எல்லையோரத்து இணைப்புக் கல்லூரி ஒன்றின் மாணவரை, ஆய்வகத்தில் இருக்கும் இரண்டு பழைய வரைகலை அட்டைகளுடன் ஓடச் சொல்கிறார்கள். அவர் தோற்பது அவர் திறமையின்மையால் அன்று. பணம் தேவைப்படாத, சிந்தனை மட்டுமே தேவைப்படும் பாதையை அடைத்துவிட்டு, பணம் மட்டுமே வெல்லும் பாதையில் ஏழை மாணவரை ஏற்றிவிடுவதற்குப் பெயர் நவீனமயமாக்கல் என்றால், அச்சொல்லை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெருநிறுவன மாணவருக்கு இந்த வேலி ஒரு பொருட்டே அன்று. பாடத்திட்டம் சொல்லாததை அவருடைய ஆசிரியரும் கருத்தரங்கும் சொல்லிவிடும். பாடத்திட்டத்தைத் தவிர வேறு வாயில் இல்லாதவருக்குத்தான் வேலி மதிலாகிறது.

எதிர்வாதங்கள் உண்டு. வேலைவாய்ப்பு என்பது முதலாவது. கோட்பாடு படித்தால் வேலை கிடைக்காது என்போர், நூலகக் கட்டளைகளை வரிசையாக அழைக்கும் வேலையை இப்போது மொழி மாதிரிகளே செய்துவிடுகின்றன என்பதைக் கவனிக்கத் தவறுகின்றனர். எந்த விடை தவறு, ஏன் தவறு என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி அங்கே இடம்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆழ்கற்றலின் வெற்றியைக் கோட்பாடு முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்றே கணுக்களைக் கொண்ட வலைப்பின்னலைப் பயிற்றுவதுகூட மிக மோசமான நேர்வில் என்பி-முழுமை என்று புளும், ரிவெஸ்ட் இருவரும் 1988இல் காட்டினர். கோடிக்கணக்கான கணுக்கள் நடைமுறையில் அன்றாடம் பயிற்றப்படுகின்றன. 2017இல் ஜாங் குழுவினர், முத்திரைகளைக் குலுக்கிப் போட்டுத் தற்போக்காக ஒட்டிய படங்களைக்கூட இவ்வலைப்பின்னல்கள் முழுமையாக மனப்பாடம் செய்துவிடுவதைக் காட்டினர். பழைய வரம்புகள் அவற்றின் பொதுமைப்படுத்தும் திறனை விளக்கப் போதவில்லை என்பது அதன் விளைவு. ஆகவே கோட்பாடு தோற்றுவிட்டது என்று சிலர் முடிவுகட்டினர். விளக்கப்படாத ஒன்று கண்முன் நிற்பது கோட்பாட்டாளருக்கு இரங்கற்பா பாடும் நேரமா, அழைப்பு விடுக்கும் நேரமா? மோசமான நேர்வுக்கும் நடைமுறை நேர்வுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே இன்று திறந்து கிடக்கும் மிகப் பெரிய ஆய்வுச் சிக்கல். அதை எடுத்துக்கொள்ள இரண்டையும் படித்தவர் வேண்டும். கோட்பாட்டுத் துறையினரில் சிலர் இயந்திரக் கற்றலைக் கணிதமற்ற கைவேலை என்று முகம் சுளிப்பதும் அதே வேலியின் மறுபக்கத்துக் கழிதான்.

செய்ய வேண்டியதற்குப் புதிய கட்டடமோ ஜிபியுவோ வேண்டாம். கணிமைக் கோட்பாட்டுத் தாளில், ஒழுங்கு மொழிகள் முடியும் இடத்தில் மைஹில்-நெரோட் தேற்றம் நிற்கிறது. ஆங்லுயினின் வழிமுறை அத்தேற்றத்தின் நேரடிப் பயன்பாடு. இரண்டு வகுப்பு மணிநேரத்தில் கரும்பலகையில் நடத்திவிடலாம். ஒரு மாணவர் மனத்தில் ஒரு தானியங்கியை வைத்துக்கொள்ள, வகுப்பே கேள்வி கேட்டு அதைக் கண்டுபிடிக்கலாம். இயந்திரக் கற்றல் தாளின் முதல் அலகில் வாலியன்டின் வரையறைக்கு ஒரு வாரம் ஒதுக்கலாம். பயிர்நோய்த் திட்டப்பணியை ஏற்கும் துறைத்தலைவர், அருகிலுள்ள தோட்டத்து மரச்சீனி இலைகளின் நூறு படங்களையும் சேர்த்துச் சோதித்து, சரிந்த எண்ணையும் அச்சிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம்.

ஆய்வுச் சிக்கலாகவே ஒன்றைக் கேட்கும் மாணவருக்கு, தாம்பரத்தார் திறந்த வாசலில் இன்னும் வேலை இருக்கிறது. ஐந்து புள்ளியில் ஒரு கோலத்தையும் ஏழு புள்ளியில் அதே வகைக் கோலத்தையும் பார்த்த சிறுமி, ஒன்பது புள்ளியில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் போட்டுவிடுகிறாள். அவள் கண்டது இரண்டே எடுத்துக்காட்டுகள், இரண்டும் நேர்மறை. கோல்டின் தேற்றம் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. எனவே அவள் எல்லா இலக்கணங்களிலும் தேடவில்லை. ஏதோ ஒரு குறுகிய வகைக்குள் தேடுகிறாள். சிரோமணி அணி இலக்கணங்களுள் எந்த உட்பிரிவு இரண்டு நேர்மறை எடுத்துக்காட்டுகளால் தீர்மானிக்கப்படும், அதைக் கண்டறியப் பல்லுறுப்பு நேரம் போதுமா, அதே இரண்டு படங்களைப் பெற்ற நரம்பியல் வலைப்பின்னல் ஒன்பதாம் புள்ளியில் என்ன செய்யும்? இக்கேள்வியை எழுதிக்கொண்டு வரும் மாணவரிடம் நேர்காணல் மேசை "இரண்டில் எது?" என்று கேட்குமானால், மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களின் ஆய்வு ஆர்வங்களையும் ஒருமுறை வாங்கிப் பார்ப்பது நல்லது.